கடவுள் மறுப்பும் ஒரு மதமா?

கடவுள் இல்லை என்பானை நோக்கி, "நின் மறுப்பும் ஒரு மதமே, நீயும் ஒன்றை நம்புகின்றாய், நாங்களும் ஒன்றை நம்புகின்றோம், இதில் வேறுபாடு என்னை?" என வினவுதல் மதவாணர் சிலர்க்கு வழக்கமாகிவிட்டது. மேற்போக்கில் இது சொல்விளையாட்டாகத் தோன்றும். ஆயின், பள்ளிப் பதிவேட்டிலும், குடிக்கணக்கிலும், மணச் சட்டத்திலும் ஒரு மாந்தன் எந்தப் பட்டியில் அடைக்கப்படுகின்றான் என்பது இவ்வினாவைச் சார்ந்தே நிற்கின்றது. ஆகலின் இதனை ஆராய்ந்து தெளிதல் வேண்டும்.

நம்பிக்கை ஒருவன் உள்ளத்தில் தோன்றுவது. மதம் பலரைப் பிணித்து வைக்கும் அமைப்பு. மதத்திற்கு நூலுண்டு, வழிபாடுண்டு, இடைநின்று செய்விக்கும் தரகருண்டு, பிறப்பு முதல் இறப்பு வரை கரணங்களுண்டு. கடவுள் மறுப்பிற்கோ இவற்றுள் ஒன்றும் வேண்டுவதில்லை. கடவுளை மறுக்கும் இருவருள் ஒருவர் பொதுவுடைமையராகவும், மற்றவர் அதன் பகைவராகவும் இருத்தல் கூடும். பேசாமை ஒரு மொழியாகாதவாறு போல, மறுப்பும் ஒரு மதமாகாது.

இவ்வாறே, இறைநம்பிக்கைக்கும் மதம் இன்றியமையாததன்று. வள்ளலார் கடவுளை ஒளியாகக் கண்டு உருகியவர். எனினும் குலமத வேறுபாடுகளையும் ஆரவாரக் கரணங்களையும் விலக்கி, 1867 இல் வடலூரில் பசித்தார்க்கு அறச்சாலை நிறுவினார். அவர்தம் நம்பிக்கையை எம்மதப் பட்டியிலும் அடைத்தல் இயலாது. நம்புவோன் மதமின்றி நம்பலாம் எனின், மறுப்போன்மேல் மட்டும் மதத்தை ஏற்றுவது எவ்வாறு பொருந்தும்?

குழப்பத்திற்கு ஒரு கரணியம் சொல்லிலேயே உள்ளது. 'நாத்திகம்' என்னும் வடசொல்லின் வேர்ப்பொருள் 'இல்லை' என்பதே. எதனை இல்லை என்பது? மனுநூல் வேதத்தைப் பழிப்பவனையே நாத்திகன் என்கின்றது. படைப்புக் கடவுளை வேண்டாத சாங்கியமும் மீமாஞ்சையும் வேதத்தை ஒப்பியமையால் ஆத்திகமாயின. புத்தமும் சமணமும் அதனை ஒப்பாமையால் நாத்திகமாயின. கடவுளை மறுத்தவனினும் வேதத்தின் மேலாண்மையை மறுத்தவனே அச்சொல்லால் ஒறுக்கப்பட்டான். 'கடவுள் மறுப்பு' எனத் தூய தமிழில் வழங்குங்கால், மறுக்கப்படுவது யாது என்பது ஐயமின்றி விளங்குகின்றது.

தமிழகம் மறுப்போனுக்குச் செவிசாய்த்த நாடு. மணிமேகலையுள், வஞ்சி நகரில் சமயவாணர் பலர் தத்தம் திறங்கூறும் இடத்தில், ஐம்பூதக் கலப்பினின்றே உணர்வு தோன்றும் என்னும் பூதவாதியும் தன் கொள்கையை எடுத்துரைக்கின்றான். மணிமேகலை அவனோடு சொல்லால் உறழ்ந்தாளேயன்றி, அவன் வாயை அடைக்கவில்லை.

இனி, அமெரிக்க நாட்டு மேன்முறை மன்றம் ஒன்று 2005 இல் கடவுள் மறுப்பை மதமாகக் கொண்டதே என்பாரும் உளர். விசுகான்சின் மாநிலச் சிறையிலிருந்த மறுப்பாளர் ஒருவர், தம்மொத்தாரோடு கூடிப் படிக்கும் குழு வேண்டித் தொடுத்த வழக்கு அது. மதத்தார்க்குச் சட்டம் தரும் காப்பு மறுப்போர்க்கும் கிட்டவேண்டும் என்பதற்காகவே அம்மன்றம் அவ்வாறு கொண்டது. அஃது உரிமையை அளக்க எடுத்த நாழியே அன்றி, பொருளுக்கு வகுத்த இலக்கணம் அன்று.

இந்திய அரசியலமைப்பு இதில் நடுநின்றது. முகப்புரை கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் எனக் காமத்து என்பார் கொணர்ந்த திருத்தம், 1949 அத்தோபர் 17 அன்று 41 பேர் சார்ந்தும் 68 பேர் எதிர்த்தும் வீழ்ந்தது. பொறுப்பேற்பவர் கடவுள்மேல் ஆணையிடலாம். அன்றி உளமார உறுதி கூறலாம். 1967 இல் அறிஞர் அண்ணா உளமார என்றே கூறிப் பொறுப்பேற்றார்.

ஆயின், அரசியலமைப்பு தந்த இடத்தை மணச் சட்டம் பறித்துக்கொண்டது. 1955 ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம், முகமதியரும் கிறித்தவரும் பார்சியரும் யூதரும் அல்லாதாரைப் பொதுவாகத் தன் வளையத்துள் சேர்த்துக்கொள்கின்றது. தன்மானத் திருமணங்களுக்கு 1967 இல் அண்ணா அரசு சட்ட ஏற்புத் தந்தது பெருஞ்செயலே. எனினும் அவ்வேற்பும் இந்துச் சட்டத்தின் ஒரு திருத்தமாகவே அமைந்தது. கடவுளையும் புரோகிதனையும் விலக்கி மணந்தவரும் சட்டத்தின் கண்ணில் இந்துவாகவே நிற்கின்றார். 1954 ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தை நாடுவோரோ முப்பது நாள் முன்னறிவிப்புத் தந்து காத்திருத்தல் வேண்டும்.

மறுப்போரும் தம்மைத் தாமே ஆராய்தல் வேண்டும். தலைவர் சிலையைக் கும்பிட்டும், அவர் நூலை ஆராயாது ஒப்பியும், மாற்றுக் கருத்தினனை விலக்கி வைத்தும் நடப்பாராயின், மதம் என்னும் பழியைத் தம் தலையில் தாமே ஏற்றிக்கொள்பவராவர். நம்புவோனை எள்ளுதலும் பகுத்தறிவு அன்று. தனியொருவன் நெஞ்சில் இறைவனை வைத்து வாழ்தல் அவன் உரிமை. அவ்விறைவன் பெயரால் பிறனைத் தாழ்த்துவதே எதிர்க்கத்தக்கது.

2011 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மதம் குறிக்கப்படாதோர் 28 நூறாயிரத்திற்கும் மேற்பட்டோர். பள்ளிச் சான்றில் குலமும் மதமும் குறிக்காதிருக்கத் தமிழ்நாட்டரசின் 1973, 2000 ஆம் ஆண்டு ஆணைகள் இடந்தருகின்றன. அவ்விடத்தைப் பயன்கொள்ளாது, வாயளவில் மறுத்து, மகனின் சேர்க்கைத் தாளில் பழைய மதத்தையே எழுதுவோர் எத்துணைப் பேர்!

நம்புவோன் நம்புவதாக எழுதட்டும். மறுப்போன் மறுப்பதாக எழுதட்டும். எழுதாத இடத்தை இந்து என்று நிரப்பும் சட்டம் திருந்தட்டும். உள்ளம் ஒருவனுடையது, அதற்குப் பட்டயம் எழுதும் உரிமை எவர்க்கும் இல்லை!