கடலெண்ணெயில் கரைந்த வீரம்

கரிசல் காட்டுச் சம்சாரிக்கு உடற்கூறு படிக்காமலே ஒரு விஷயம் தெரியும். காளங்கன்றுக்கு உரிய பருவத்தில் காயடித்துவிட்டால் அது ஏருக்கும் வண்டிக்கும் ஆகும், விட்டுவைத்தால் பொலிகாளை. முன்பெல்லாம் கன்றைக் கயிறு போட்டுச் சாய்த்து நாலு பேர் அமுக்கிக்கொள்ள, விவரம் தெரிந்த ஒருவர் மரக்கிட்டி வைத்து நசுக்குவார். கன்று ஒரு தரம் அடிவயிற்றிலிருந்து கத்தும். பிறகு எழுந்து நிற்கும், கால்களை அகட்டிக்கொண்டு. பிற்பாடு கால்நடை மருந்தகத்தில் அதே வேலைக்கு இரும்பு இடுக்கி வந்தது. தோலை அறுக்காமல் மேலிருந்தே, விதைக்குப் போகும் ரத்தக் குழாயை நசுக்கிவிடுவார்கள். நாளாக நாளாக மாட்டின் முகமே மாறிப்போகும். ஆளைக் கண்டால் மண்ணைப் பறித்தது, மூக்கணாங்கயிற்றைச் சுண்டினால் நிற்கும். அதைப் பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்தவர்கள் மனதில் ஒரு முடிவு பதிந்துவிடும்: ஆங்காரம் எல்லாம் அந்த இரண்டு விதைக்குள் இருக்கிறது.

முடிவு பாதி சரி. அந்தப் பாதியை நம்பித்தான், விதையில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் ஊசி வியாபாரம் நடக்கிறது. மீதிப் பாதி தெரியாததால், ஊசி போட்டு நிறுத்திய பையன் மூன்று மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாலும் வீட்டில் யாருக்கும் காரணம் பிடிபடுவதில்லை.

இந்தக் கரிசல் காட்டில் பாலவனத்தம் என்றதும் தமிழ் படித்தவர்கள் பாண்டித்துரைத் தேவரை நினைப்பார்கள். 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கம் கண்ட ஜமீன்தார். விடிகாலையில் இந்தப் பக்கத்துச் சாலையோரம் ஓடும் பையன்களிடம் கேட்டால் அவர்கள் வாயில் வருவது வேறு எண்கள்: 170, 81, 5, 1500, 7. காவலர் தேர்வுக்குப் பெரும்பாலான பிரிவினருக்கு 170 செ.மீ. உயரம் வேண்டும். மார்பு 81 செ.மீ., மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். மானாவாரி பூமி இது. மக்காச்சோளமும் உளுந்தும் மல்லியும் மழையைப் பார்த்து நிற்கும். மழை பொய்த்தால் கடன். வீட்டுக்கு ஒரு காக்கிச் சட்டை வந்துவிட்டால் அதுதான் பொய்க்காத வெள்ளாமை. ஆள் எடுக்கும் நாளன்று சட்டையைக் கழற்றிவிட்டு, கையை உயர்த்தி, வயிற்றை எக்கி நிற்கிறவனுக்கு ஒரு செ.மீ. என்பது வெறும் அளவில்லை. 80 என்று சொன்னால் அடுத்த அறிவிப்பு வரைக்கும் காத்துக் கிடக்க வேண்டும்.

இளவட்டக்கல் தூக்கிய காலத்திலும் உடம்பைக் காட்டித்தான் மதிப்பு வாங்க வேண்டியிருந்தது. ஆனால் கல்லைத் தூக்க முடியாதவன் அடுத்த பொங்கலுக்குத் தூக்குவான். குறுக்கு வழி கிடையாது. இன்றைக்குச் சிற்றூர் வரைக்கும் ஜிம் வந்துவிட்டது. அது நல்லதுதான், டாஸ்மாக் வாசலைவிட ஆயிரம் மடங்கு. ஜிம்மோடு சேர்ந்து அதன் பேச்சும் வந்துவிட்டது: பவுடர், கோர்ஸ், சைக்கிள், டெஸ்டோ, டெக்கா.

ஊசி எப்படி இருக்கும்? சஸ்டனான் 250 என்பது ஒரு மில்லி ஆம்ப்யூல். உள்ளே இளமஞ்சளாக, பிசுக்கென்று ஒரு எண்ணெய். டெஸ்டோஸ்டிரோனின் நான்கு வடிவங்கள், மொத்தம் 250 மில்லிகிராம், கடலெண்ணெயில் கரைத்தது. நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் போடக் கூடாது என்று எச்சரிக்கையே உண்டு. கடலை விளைந்த மண்ணில் வீரம் கடலெண்ணெயில் வந்து இறங்குவது ஒரு வேடிக்கை. கெட்டியான எண்ணெய் என்பதால் தடிமனான ஊசி வேண்டும், புட்டத்துச் சதையில் மெல்ல இறக்க வேண்டும். சட்டப்படி மருத்துவர் சீட்டு இல்லாமல் கடைக்காரர் இதைக் கொடுக்கக் கூடாது.

நம் ஊரில் ஆண்மைக் கவலை புதுச் சரக்கு இல்லை. சிட்டுக்குருவி லேகியமும் லாட்ஜ் வைத்தியரும் அதில்தான் பிழைத்தார்கள். தாது நஷ்டம் என்று பயந்து பயந்து படுத்துவிடும் இளைஞர்களின் நோய்க்கு ‘தாது நோய்க்குறி’ என்று 1960-ல் பெயர் வைத்தவர் மனநல மருத்துவர் என்.என்.விக். மேல்நாட்டுக்காரர்களை ஏமாளியாக நினைக்க வேண்டாம், அங்கேயும் இதே கதைதான். 1889-ல் பிரௌன் செக்கார் என்ற பெரிய உடலியல் அறிஞர், 72 வயதில், நாய், கினிப்பன்றி விதைச் சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு இளமை திரும்பிவிட்டது என்று பாரிஸில் அறிவித்தார். 2002-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அவர் முறையிலேயே சாறு எடுத்துப் பார்த்தார்கள். வேலை செய்கிற அளவுக்கு ஹார்மோன் அதில் இல்லை. கிழவர் துள்ளியது நம்பிக்கையில்.

உண்மையான ஹார்மோன் பிடிபட்டது 1935-ல். பூட்டெனாண்ட், ருசிச்கா இருவரும் அதைச் செயற்கையாகச் செய்தார்கள். 1939-ன் வேதியியல் நோபலில் அந்த உழைப்புக்குப் பங்கு உண்டு.

சரி, ஊசி போட்டால் ஆள் முட்ட வருகிற காளை ஆகிறானா? ஹார்வர்டைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹாரிசன் போப் 2000-ல் வெளியிட்ட ஆய்வை நான் இதில் முக்கியமாக நினைக்கிறேன். ஆணின் உடம்பு ஒரு நாளைக்கு ஏழெட்டு மில்லிகிராம் அளவில்தான் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது. அவர் வாரத்துக்கு 600 மில்லிகிராம் வரை கொடுத்தார், கிட்டத்தட்ட பத்து மடங்கு. எது மருந்து, எது வெறும் எண்ணெய் என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, கவனித்தவருக்கும் தெரியாது. 50 பேரில் 42 பேரின் மனநிலையில் சொல்லும்படி மாற்றம் இல்லை. 6 பேருக்கு லேசான மிகைக்கிளர்ச்சி. 2 பேருக்குக் கடுமை. அந்த இரண்டு பேர் யாராக இருப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்லவும் வழியில்லை. சாது என்று பெயர் வாங்கியவனாகவும் இருக்கலாம்.

மிகைக்கிளர்ச்சி என்றால் சண்டை மட்டுமல்ல. மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து ஊரையே வாங்கிவிடலாம் என்று தோன்றுவது, நிறுத்தாமல் பேசுவது, கடன் வாங்கி பைக் எடுப்பது, சின்னச் சொல்லுக்குக் கை ஓங்குவது. வீட்டில் ‘பையன் சுறுசுறுப்பாகிவிட்டான்’ என்றுகூடச் சந்தோஷப்படுவார்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரே மருந்து, அளந்த அளவு. ஜிம்மில் மாஸ்டர் சொன்ன அளவு, அதோடு வேறு இரண்டு மருந்து கலந்து, மாதக் கணக்கில். போப்பே 1994-ல் டெஸ்டோஸ்டிரோன் வகை ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்த 88 விளையாட்டு வீரர்களைப் பார்த்தபோது 20 பேருக்கு மருந்தையொட்டிப் பெரிய மனநிலைக் கோளாறு வந்திருந்தது.

இன்னொரு ஆய்வு, கொஞ்சம் சிரிப்பும் வரும். சுவிட்சர்லாந்தில் ஐசனெகர் குழு 121 பெண்களுக்குச் சிறு அளவு டெஸ்டோஸ்டிரோனோ போலி மருந்தோ கொடுத்து, பணத்தைப் பங்கு போடும் விளையாட்டில் விட்டது. ஹார்மோன் உண்மையிலேயே கிடைத்தவர்கள் நியாயமாகப் பங்கு போட்டார்கள். கிடைத்துவிட்டதாக நம்பியவர்கள்தான் அடாவடி செய்தார்கள். காயடித்த மாட்டைப் பார்த்து நாம் போட்ட கணக்கு மனுசனுக்கு அப்படியே பொருந்துவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நான் பயப்படுவது ஊசி போடும் காலத்தைப் பற்றி அல்ல, நிறுத்திய பிறகு வரும் காலத்தைப் பற்றி.

வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை கவனிக்கிறது: போதுமான அளவு ஓடுகிறது, இனி நாம் கட்டளை அனுப்ப வேண்டாம். அடிமூளைச் சுரப்பி தன் சேதியை நிறுத்துகிறது. விதை வேலையை நிறுத்துகிறது, சுருங்குகிறது, விந்தணு குறைகிறது. வாரம் ஓர் ஊசி வீதம் டெஸ்டோஸ்டிரோன் போட்டு ஆண்களுக்கான கருத்தடையாகப் பயன்படுத்தலாமா என்று உலக சுகாதார நிறுவனமே சோதித்திருக்கிறது, அதன் முடிவு 1990-ல் வந்தது. பெரும்பாலோருக்கு விந்தணு அற்றுப்போனது. ஆண்மைக்கென்று போடும் ஊசி கருத்தடை. தண்ணீர்ப் பஞ்சத்தில் லாரித் தண்ணீர் வருகிறதே என்று ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை ஆறு மாதம் போடாமல் விட்டவருக்கு இது புரியும். லாரி நின்ற அன்று சுவிட்சைப் போட்டால் மோட்டார் பிடித்துக்கொண்டு கிடக்கும்.

பொலிகாளை ஆக ஆசைப்பட்டவன் தனக்குத்தானே கிட்டி போட்டுக்கொள்கிறான். ஊசியின் சரக்கு உடம்பிலிருந்து வடிந்த பிறகு, அவனுடைய சொந்தச் சுரப்பு திரும்புவதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்கள் ஆகலாம், சிலருக்கு வருடம் தாண்டும். அந்த இடைவெளியில் அவன் உடம்பு காயடித்த உடம்பு. களைப்பு. பசியில்லை. பெண் நினைப்பே வராது. படுத்தால் தூக்கம் இல்லை, எழுந்தால் தெம்பு இல்லை. கண்ணாடியில் சதை நாளுக்கு நாள் இறங்குவது தெரியும், அதோடு ஊருக்குள் கிடைத்த மதிப்பும். சாகலாமா என்ற நினைப்பு சிலருக்கு வருவது இந்தக் கட்டத்தில்தான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016 அக்டோபரில் டெஸ்டோஸ்டிரோன் பெட்டிகளில் சேர்க்கச் சொன்ன எச்சரிக்கையில், மிகை அளவால் மனச்சோர்வும் மூர்க்கமும் வரும் என்பதோடு, நிறுத்தும்போது மனச்சோர்வு வரும் என்பதும் உண்டு.

இதிலிருந்து மீள அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அடுத்த ஆம்ப்யூல். ஸ்டீராய்டு எடுப்பவர்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினர் விட முடியாதபடி ஆகிறார்கள் என்று கணிக்கப்படுவதன் பின்னணி இது. சாராயம்போல மயக்கம் தருவதால் அல்ல, இல்லாவிட்டால் ஆளே இல்லை என்றாகிவிடுவதால்.

வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்? காதல் தோல்வியா என்று கேட்பார்கள். காத்துக் கருப்பு என்று கோடாங்கியிடம் போவார்கள். சண்டை போட்டால் அடக்கத் தெரிந்த ஊருக்கு, சத்தமில்லாமல் படுத்துக் கிடப்பவனை என்ன கேட்பது என்று தெரியாது. போலீஸும் பத்திரிகையும் தேடுவதும் சண்டையைத்தான். ஊக்கமருந்துச் சோதனை விளையாட்டு வீரரோடு நின்றுவிடுகிறது: 2024-ல் இந்தியாவில் 7,113 மாதிரிகள் எடுத்ததில் 260 பிடிபட்டன, அதிகம் சோதிக்கும் நாடுகளில் இது மோசமான விகிதம். செலக்‌ஷனுக்குத் தயாராகும் பையன் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. மார்பளக்கும் நாடா 81-ஐக் காட்டும், அது எப்படி வந்தது என்று கேட்காது.

இதைப் படித்துவிட்டு டெஸ்டோஸ்டிரோனையே நஞ்சு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சுரப்பே குறைந்து, பருவம் அடையாமல் நிற்கும் பிள்ளைக்கு அது வாழ்க்கை. திருநம்பிகளுக்கும் அப்படித்தான், ஆஸ்திரேலியாவில் 64 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான சோதனையில், உடனே ஹார்மோன் தொடங்கியவர்களுக்கு மூன்று மாதத்தில் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் குறைந்தன. 65 வயது தாண்டிய, ஹார்மோன் குறைந்த 790 ஆண்களிடம் அமெரிக்காவில் நடந்த சோதனையில் மனநிலை கொஞ்சம் தேறியது, கொஞ்சம்தான். இவர்கள் எல்லாரும் குறைந்ததை நிரப்புகிறார்கள், ரத்தப் பரிசோதனையோடு, மருத்துவர் கண்காணிப்பில். நிறைந்த பாத்திரத்தில் பத்து மடங்கு ஊற்றுவது வேறு.

ஜிம்மை மூடச் சொல்வதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. மூடினால் ஊசி முள்ளுக்காட்டுக்குப் போகும், ஒரே சிரிஞ்சை நாலு பேர் போட்டுக்கொள்வார்கள். மருந்துக்கடையில் சீட்டு கேட்பதை ஒழுங்காகக் கேட்க வேண்டும். அதைவிட முக்கியம் மருத்துவமனை மேஜையில் கேட்கப்பட வேண்டிய ஒரு கேள்வி. இருபது வயதுப் பையன், தோள் அகலம், முதுகெல்லாம் பரு, ‘எதுவும் பிடிக்கலை சார்’ என்று தலையைக் குனிந்து உட்கார்ந்தால், ‘தண்ணி உண்டா, சிகரெட் உண்டா’ என்று கேட்கிற அதே வாயால் ‘ஜிம்முக்குப் போறியா தம்பி, ஊசி ஏதும் போட்டியா?’ என்றும் கேட்க வேண்டும். திட்டாமல் கேட்டால் சொல்வான். நேரில் வரக் கூச்சப்படுகிறவனுக்கு 14416 என்ற மனநல உதவி எண் எந்நேரமும் இருக்கிறது, தமிழில் பேசலாம்.

அவன் சொல்லாவிட்டாலும் ரத்தம் சொல்லும். டெஸ்டோஸ்டிரோனோடு, அடிமூளைச் சுரப்பி அனுப்பும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் சேர்த்து எழுதிக்கொடுத்தால் போதும். மூன்றும் ஒன்றாகக் கீழே கிடந்தால், முடங்கியிருப்பது மூளையிலிருந்து வரும் கட்டளை. அதற்குக் காரணம் ஊசியாக இருக்கலாம். அப்படியானால் அது திரும்ப எழக்கூடியது, எழும் வரைக்கும் அவனுக்குத் துணை வேண்டும்.