16 பேருக்கு ஆபரேஷன்! சாக்லெட் பால் செய்த வேலை

குழந்தைக்கு வலது பக்க அடிவயிற்றில் வலி. கூடவே காய்ச்சல். டாக்டர்கள் முதலில் சந்தேகிப்பது குடல்வால் வீக்கத்தைத்தான். இதை "அப்பெண்டிசைட்டிஸ்" என்பார்கள்.

அந்தச் சந்தேகம் நியாயமானது. குடல்வால் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

ஆனால், அதே இடத்தில், அதே மாதிரி வலியைக் கொடுக்கும் கிருமி ஒன்று உண்டு. அதன் பெயர் "யெர்சினியா". சிறுகுடலின் கடைசிப் பகுதியையும், அதன் அருகே உள்ள நெறிகளையும் அது வீங்கச் செய்யும்.

இந்தக் கிருமி டாக்டர்களையே ஏமாற்றிய சம்பவம் அமெரிக்காவில் நடந்தது.

பள்ளியில் பரவிய வலி

1976-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஒனைடா மாவட்டத்தில், பள்ளிப் பிள்ளைகள் வயிற்று வலியால் துடித்தார்கள். 200-க்கு மேற்பட்டவர்கள் நோயுற்றனர். 36 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 16 பேருக்கு ஆபரேஷன் செய்து, குடல்வாலை அகற்றி விட்டார்கள்!

குடல்வால் வீக்கம் தொற்று நோய் அல்ல. அப்படியானால், இத்தனை பேருக்கு ஒரே சமயத்தில் வலி வந்தது எப்படி?

அதிகாரிகள் விசாரித்தார்கள். பள்ளியில் விற்ற சாக்லெட் பாலில் யெர்சினியா கிருமி இருந்தது தெரிந்தது.

பாலைச் சூடாக்கிக் கிருமியை நீக்கிய பிறகு, சாக்லெட் பாகைத் திறந்த தொட்டியில் கையால் கலந்திருக்கிறார்கள். அதன்பின் மறுபடி சூடாக்கவில்லை. கலக்கும்போதுதான் கிருமி புகுந்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள்.

குளிரில் வைத்த பால் கெடாது என்று பலர் நம்புகிறார்கள். யெர்சினியாவோ, "பிரிஜ்" குளிரிலும் பெருகும்!

பெற்றோர் செய்ய வேண்டியது

இன்று "ஸ்கேன்" வசதி இருக்கிறது. மலத்தைச் சோதித்தும் கிருமியைக் கண்டுபிடிக்கலாம். ஆகவே, வீண் ஆபரேஷனைப் பெரும்பாலும் தவிர்க்க முடியும்.

அதற்காக, "கிருமியாகத்தான் இருக்கும்" என்று பெற்றோர் வீட்டிலேயே முடிவு கட்டக்கூடாது. பேதி மருந்தும் கொடுக்கக்கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

குழந்தை என்ன சாப்பிட்டது, உடன் சாப்பிட்டவர்களுக்கும் வலி இருக்கிறதா, பேதி ஆனதா... இவற்றை மறக்காமல் சொல்ல வேண்டும்.

ஒனைடாவில் உண்மையைக் காட்டியது கத்தி அல்ல. "என்ன குடித்தாய்?" என்ற ஒரு கேள்விதான்!