தாத்தாவின் ரேசரா, ரூம்மேட்டின் ரேசரா... எது ஆபத்து?

கோவை உக்கடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்து போனால், தரையில் தார்ப்பாய் விரித்துப் பழைய பொருட்கள் விற்பவர்களைப் பார்க்கலாம். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், நின்றுபோன கைக்கடிகாரம், சிக்குப் பிடித்த சார்ஜர் ஒயர் எனக் குவிந்து கிடக்கும். கொஞ்சம் கிளறினால் சில நேரம் பழைய சேஃப்டி ரேசர் ஒன்றும் கையில் தட்டுப்படும். தாத்தா காலத்து ‘ஷேவிங் செட்’தான்.

இந்த ரேசர்கள் மீது இளைஞர்களுக்கு மறுபடியும் ஆசை வந்திருக்கிறது. பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜ் ஒன்று வாங்கும் காசுக்கு இரண்டு பக்கமும் முனையுள்ள பிளேடு ஒரு பாக்கெட்டே வாங்கிவிடலாம். பழைய செட்டுகள் பலவும் பித்தளையில் செய்து, மேலே நிக்கல் பூசியவை, சுலபத்தில் உடையாது. கிங் கேம்ப் ஜில்லெட் இந்த வகை ரேசரை 1903-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அந்த ஆண்டு முழுக்க விற்றது வெறும் 51 ரேசர், 168 பிளேடு. அன்றைய வடிவம் பெரிதாக மாறவே இல்லை. இன்று மளிகைக் கடையில் வாங்கும் பிளேடு பழைய செட்டிலும் பெரும்பாலும் கச்சிதமாக உட்கார்ந்துவிடும்.

சரி, அதை எந்த முகத்தில் யார் போட்டார்களோ? கையில் எடுத்ததுமே எல்லோருக்கும் வருகிற சந்தேகம் இதுதான்.

பலர் முதலில் பயப்படுவது துருவைப் பார்த்து. துரு என்றால் டெட்டனஸ் என்று மனதில் பதிந்திருக்கிறது. உண்மையில் துருவுக்கு அந்தச் சக்தி கிடையாது. டெட்டனஸ் கிருமி இருப்பது மண்ணிலும் புழுதியிலும் சாணத்திலும். துருப்பிடித்த ஆணி பெரும்பாலும் மண்ணில் கிடப்பதால் பழி துருவின் மேல் விழுந்துவிட்டது. ரேசர் விஷயத்தில் கவலைப்பட வேண்டியது ரத்தம்தான். அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம்.

ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில், குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்போடு இருக்கும். ஹெபடைட்டிஸ் சி வைரஸ் அறை வெப்பநிலையில் 6 வாரங்கள் வரைகூடத் தாக்குப்பிடிக்கும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. எல்லோரும் அதிகம் அஞ்சும் ஹெச்.ஐ.வி. இந்த விஷயத்தில் பலவீனமானது. வெளிக்காற்றில் சீக்கிரமே செயலிழந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-ல் இந்தியாவில் ஹெபடைட்டிஸ் பி தொற்றோடு வாழ்ந்தவர்கள் சுமார் 2.98 கோடி பேர். ‘சி’ வகையோடு 55 லட்சம் பேர். பலருக்குத் தங்களுக்குத் தொற்று இருப்பதே தெரியாது. உடம்பில் எந்த அறிகுறியும் இல்லாமல் வருடக்கணக்கில் கல்லீரலைக் கெடுக்கக்கூடிய நோய் இது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். பரணில் இருபது வருடம் கிடந்த தாத்தாவின் ரேசரில் இந்த வைரஸ்கள் மிஞ்சியிருக்க வழியில்லை. ஆனால் பீளமேட்டிலோ சரவணம்பட்டியிலோ ஒரே ரூமில் நான்கு பேர் தங்கியிருக்கும் இடத்தில், அவசரத்துக்கு எடுத்துப் போடுகிற நண்பனின் ரேசர்? அதில் நேற்றைய ரத்தம் இருக்கலாம். ஆபத்து பழையதில் அல்ல, பகிர்வதில்தான். இன்டர்வியூவுக்குக் கிளம்பும் காலை, கல்யாண வீட்டு அவசரம் என்று சாக்கு எதுவானாலும் சரி. அக்காவும் தங்கையும் கால் முடி நீக்க ஒரே ரேசரைப் பயன்படுத்துவதும் இதே கணக்கில்தான் வரும்.

ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. நாடு முழுக்கக் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது 2011-ல்தான். எனவே இன்று கல்லூரியில் படிக்கிற பலர் போட்டிருக்கவே மாட்டார்கள். பெரியவர்களும் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். வழக்கமாக மூன்று தவணை, ஆறு மாதத்தில் முடிந்துவிடும். ‘சி’ வகைக்குத் தடுப்பூசி கிடையாது.

சுத்தம் வேறு, கிருமி நீக்கம் வேறு

சந்தையில் வாங்கிய ரேசர் எத்தனை நாள் முன்பு யார் கையில் இருந்தது என்பது தெரியாது. அதனால் அதை நேற்றைய ரேசராகவே நினைத்துச் சுத்தம் செய்வதுதான் புத்திசாலித்தனம்.

வாங்கும்போதே மூடி, அடித்தகடு, கைப்பிடி மூன்றையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். பச்சைக் களிம்பு கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, போய்விடும். பூச்சு உரிந்து செதில் செதிலாக நின்றாலோ, தகடு வளைந்து பிளேடு கோணலாக உட்கார்ந்தாலோ, பத்து ரூபாய்க்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

உள்ளே பழைய பிளேடு இருந்தால் கூரில்லாத குறுகிய ஓரங்களைப் பிடித்து எடுத்து, தனியாக வைத்துவிடுங்கள். பிறகு கையுறை போட்டுக்கொண்டு, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள். ரேசரில் வெள்ளையாகக் கட்டிப்போயிருப்பது சோப்பும் தண்ணீரின் சுண்ணாம்பும் சேர்ந்த படிவு. சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டு ரேசரைவிட, போர் தண்ணீர் வீட்டு ரேசரில் இது தடிமனாக இருக்கும். ஒரு பழைய டூத் பிரஷ்ஷால் திருகு மரையின் இடுக்கு வரை தேய்த்துக் கழுவுங்கள். அந்த பிரஷ்ஷை அப்புறம் வேறெதற்கும் பயன்படுத்தாமல் போட்டுவிடுங்கள்.

இதைத் தாண்டிக் குதித்து நேராக மருந்தில் முக்குவதுதான் பலர் செய்கிற வேலை. படிவு அப்படியே இருந்தால் அதற்கு அடியில் இருக்கும் கிருமியை எந்த மருந்தும் தொடாது.

கழுவித் துடைத்த பிறகு, மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் எல்லாப் பாகமும் மூழ்கும்படி 10 நிமிடம் வைத்தால் போதும். இன்னும் வீரியமாக இருக்கட்டும் என்று 99 சதவீதம் தேட வேண்டாம். கிருமியின் புரதத்தைச் சிதைக்க ஆல்கஹாலோடு கொஞ்சம் தண்ணீரும் தேவை. தண்ணீர் இல்லாத ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகியும் போய்விடும். ஒரு முக்கியமான விஷயம்: இதை அடுப்பு, ஊதுபத்தி, விளக்கு பக்கத்தில் வைத்துச் செய்யாதீர்கள், குப்பென்று தீப்பிடிக்கும்.

முழுக்க உலோகம் என்றால் 20 நிமிடம் கொதிக்க வைப்பதும் பலன் தரும். பிளாஸ்டிக் கைப்பிடி, தங்கப் பூச்சு, மேலே வார்னிஷ் அடித்தது, திருகினால் கதவு போலத் திறக்கும் வகை என்றால் கொதிநீர் வேண்டாம். பிளீச்சும் வேண்டாம். கிருமியைக் கொல்லும்தான், கூடவே உலோகத்தையும் அரிக்கும். குத்துவிளக்கு தேய்க்கிற ஞாபகத்தில் புளியை எடுக்கும் அம்மாக்கள் உண்டு. வெறும் பித்தளைக்குப் புளி சரி. நிக்கல் பூச்சு உள்ள ரேசரைப் புளியில் ஊறவைத்தால் பளபளப்பு போய்விடும். கம்பி நாரும் ஆகாது.

இவ்வளவும் செய்துவிட்டால், புது பிளேடு போட்டு ஷேவ் செய்யலாம். அதற்குப் பிறகு அந்த ரேசர் ஒருவருடையது மட்டும். ஆல்கஹாலில் முக்கி எடுத்தாயிற்றே என்று வீட்டில் இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தக் கூடாது.

பிரஷ்ஷை விட்டுவிடுங்கள்

செட்டோடு சேர்த்துப் பழைய ஷேவிங் பிரஷ்ஷும் சில சமயம் கிடைக்கும். அழகாகவே இருக்கும். ஆனால் ரேசருக்குக் காட்டிய தாராளம் இதற்குக் கூடாது. முதல் உலகப் போர்க் காலத்தில் குதிரை முடியில் செய்த பிரஷ்கள் வழியாக அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சிப்பாய்கள், பொதுமக்கள் என 200-க்கும் மேற்பட்டோருக்கு ஆந்த்ராக்ஸ் பரவியது. ஆந்த்ராக்ஸ் கிருமி விதை போன்ற ஸ்போராக மாறிப் பல பத்தாண்டுகள் உறங்கும். ஆல்கஹால் அதை ஒன்றும் செய்யாது. வீட்டில் கொதிக்க வைப்பதையும் நம்ப முடியாது. 1930-க்கு முந்தைய விலங்கு முடி பிரஷ்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2017-ல்கூட அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் ஆய்விதழ் நினைவூட்டியது. அப்படி ஒன்று கையில் சிக்கும் வாய்ப்பு குறைவுதான். இருந்தாலும் பிரஷ்ஷின் வயதை நாம் கண்டுபிடிக்க முடியாது. புது பிரஷ் விலை அதிகமில்லை.

சலூனுக்குப் போகிறவர்கள், நம் கண் முன்னே புது பிளேடு உறை பிரிக்கப்படுகிறதா என்று பார்ப்பது இப்போது பழகிவிட்டது. படிகாரக் கல்லை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. ரத்தம் கசியும் இடத்தில் தேய்த்த அதே கல்தான் அடுத்தவர் கன்னத்துக்கும் போகிறது. ஒரு சிறு துண்டு வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, தனியாக எடுத்து வைத்த அந்தப் பழைய பிளேடு. அமெரிக்காவில் ஒரு காலத்தில் குளியலறைச் சுவர் அலமாரியில் சிறு துளை வைத்து, பழைய பிளேடுகளைச் சுவருக்குள்ளேயே போட்டு வந்தார்கள். நம் வீடுகளில் அது நேராகக் குப்பைக் கவருக்குள் போகிறது. காலையில் குப்பையைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரல்தான் அதை முதலில் கண்டுபிடிக்கிறது. மூடியுள்ள ஒரு பழைய தகர டப்பாவில் சின்னதாகத் துளை போட்டு, பிளேடுகளை அதில் சேர்த்து வாருங்கள். ஒரு டப்பா நிறைய சில வருடங்கள் ஆகும். நிறைந்ததும் துளையை டேப் போட்டு ஒட்டி, மேலே ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதி, மற்ற குப்பையோடு கலக்காமல் அவர் கையில் சொல்லிக் கொடுங்கள்.