சாட்சியில் சிக்கனம் வேண்டா

கணிப்பொறி பொய் கூறாது என்னும் நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆயின் பழுதுற்ற கணிப்பொறி வாய்மூடி நிற்பதோடு அமைவதில்லை. ஒருவரிடம் ஒன்றும் மற்றவரிடம் வேறொன்றும் கூறவும் வல்லது. பல கணிப்பொறிகள் சேர்ந்து பணக்கணக்கையும் ஆவணங்களையும் காக்கும் இக்காலத்தில் இக்கேட்டினை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

லெஸ்லி லாம்போர்ட், ராபர்ட் ஷோஸ்டாக், மார்ஷல் பீஸ் ஆகியோர் 1982ஆம் ஆண்டில் இதனைப் பைசாந்தியத் தளபதிகளின் சிக்கலாக உருவகித்தனர். பகைவர் நகரைச் சூழ்ந்த தளபதிகள் தூதர் வழியே கலந்து ஒரே முடிவுக்கு வரவேண்டும்; அவருள் சிலர் வஞ்சகர். போலி செய்ய இயலாத கையொப்பம் இல்லாவிடில், மூவருள் ஒருவர் வஞ்சகராயினும் உடன்பாடு உறுதியாகாது. நால்வரேனும் வேண்டும் என அவர்கள் நிறுவினர்.

கேப்ரியல் பிராக்கா 1987இல் வெளியிட்ட முறையில், செய்தியைப் பெற்ற ஒவ்வொரு கணிப்பொறியும் அதனை எல்லார்க்கும் எதிரொலிக்கும். நான்கனுள் மூன்றின் எதிரொலி கிடைத்த பின்னரே அடுத்த படிக்குச் செல்லும். ஏன் மூன்று? இருவேறு செய்திகள் மும்மூன்று எதிரொலிகளைப் பெற வேண்டுமாயின், இரண்டு கணிப்பொறிகளேனும் இரண்டிற்கும் குரல் கொடுத்திருத்தல் வேண்டும். வஞ்சகம் செய்வது ஒன்றே, மற்றது நேர்மையானது, அது இருவாய் மொழியாது. ஆகவே முரண்பட்ட இரண்டும் ஒருங்கே நிலைபெறா.

இம்முறைக்குச் செலவு மிகுதி என்பது உண்மையே. நூறு கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசினால் ஒரு சுற்றிலேயே ஏறத்தாழப் பத்தாயிரம் மடல்கள் பறக்கும். விரைவு கருதி எதிரொலிகளைக் குறைக்கலாமே என்பாரும் உளர். மூன்றை இரண்டாக்கினால் வஞ்சகன் இருபுறமும் ஒவ்வொரு துணையைப் பெற்றாற் போதும். மெய்யும் பொய்யும் ஒருசேர அரங்கேறும்.

சிக்கனத்திற்கு வேறு நல்வழி உண்டு. கிறிஸ்டியன் காஷின், ஸ்டெஃபானோ டெசாரோ இருவரும் 2005இல் அதனைக் காட்டினர். முழுச் செய்தியையும் மீண்டும் மீண்டும் அனுப்பாமல், அதனைக் குறியீட்டுத் துண்டுகளாக்கிப் பகிர்வர். சில துண்டுகள் தொலையினும் எஞ்சியவற்றால் முழுமையை மீட்கலாம். மாற்றப்பட்ட துண்டினைச் சரிபார்ப்புக் குறி காட்டிக்கொடுக்கும். இங்கே குறைந்தது சுமை, சாட்சிகள் குறையவில்லை.

சுமையில் சிக்கனம் அறிவுடைமை. சாட்சியில் சிக்கனம் பேதைமை என்பதே நம் துணிபு. நாளை இத்தகைய அமைப்புகளை ஆக்கவிருக்கும் நம் மாணவர்கள், விரைவைப் புகழுமுன் அது எதனைக் குறைத்துப் பெற்ற விரைவு என்று வினவப் பழகுவார்களாக!