பிடித்திருப்பது யார் என்று பெயரைச் சொல்லட்டும்

கம்ப்யூட்டரில் ‘சிஓஎன்’ என்ற பெயரில் ஃபோல்டர் உருவாக்கவே முடியாது, இதைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர், மைக்ரோசாஃப்ட்காரர்களுக்கே காரணம் தெரியவில்லை என்று ஒரு செய்தி முதலில் மின்னஞ்சலிலும் பிறகு வாட்ஸ்அப்பிலும் ஊர் ஊராகச் சுற்றியது. ஸ்ரீரங்கத்தில் நான் நடத்தும் டிடிபி, கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் இன்னும் அதைச் சொல்கிறார்கள். சாதாரண வழியில் உருவாக்க முடியாது என்பது சரி. காரணம் தெரியாது என்பது சுத்தப் பொய். 1981-ல் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் வந்தபோதே அந்த மூன்றெழுத்து விசைப்பலகைக்கும் திரைக்கும் என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. ‘பிஆர்என்’ பிரிண்டருக்கு. ‘என்யுஎல்’ எதைக் கொட்டினாலும் காணாமல்போகும் இடத்துக்கு. பழைய புரோகிராம்கள் நின்றுவிடக் கூடாதே என்று விண்டோஸ் அந்த ஒதுக்கீட்டைக் கைவிடாமல் வைத்திருக்கிறது.

அழிய மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஃபோல்டர்களிலும் இதே நிலைமைதான். காரணம் இருக்கும், அதை எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது. அந்த இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘வைரஸ்தான் சார், ஃபார்மட் அடிச்சிடுங்க’ என்று யாரோ சொல்லி அனுப்ப, ஹார்டு டிஸ்க்கோடு கடைக்கு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அந்த டிஸ்க்கில் பேத்தியின் காதுகுத்துப் படமும் இருக்கும், பென்ஷன் காகிதங்களின் ஸ்கேனும் இருக்கும்.

தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் உபன்யாசப் பதிவுகளைச் சேர்த்து வைப்பவர். எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டுப் பழைய ஃபோல்டரை அழிக்கப் பார்த்திருக்கிறார். நடக்கவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். “ஏம்ப்பா, ‘வேற ஒரு புரோகிராம்ல திறந்திருக்கு’ன்னு போட்டிருக்கானே, அது எந்தப் புரோகிராம்னு பேரைச் சொன்னா குறைஞ்சா போயிடுவான்?” என்று கேட்டார்.

அவர் கேட்டதுதான் என் கேள்வியும். ஒரு புரோகிராம் ஒரு கோப்பைத் திறக்கும்போது, தான் வைத்திருக்கும்வரை மற்றவர்கள் அதைப் படிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா என்று விண்டோஸிடம் பதிவு செய்துவிடுகிறது. அழிக்க இடம் கொடுக்காமல் திறந்திருந்தால் அது மூடும்வரை நம்மால் அழிக்க முடியாது. ஆக, யார் பிடித்திருக்கிறார்கள் என்ற விவரம் விண்டோஸ் கையிலேயே இருக்கிறது. ஒற்றைக் கோப்பை அழிக்கப் போனால் வேர்டில் திறந்திருக்கிறது என்கிற மாதிரி பெயரைச் சொல்லவும் செய்கிறது. ஃபோல்டர் என்று வந்துவிட்டால் மட்டும் ‘வேறொரு புரோகிராம்’ என்று மழுப்பிவிடுகிறது.

பெயரைத் தெரிந்துகொள்ள வழி உண்டு. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, அதில் சிபியு பகுதியில் ‘அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்’ என்ற கட்டத்தில் ஃபோல்டர் பெயரை அடிக்க வேண்டும். பெரியவரின் லேப்டாப்பில் அப்படித் தேடியதும் பாட்டு கேட்கும் பிளேயர் வந்து நின்றது. ஜன்னலை மூடியிருந்தார், உள்ளே அது ஓடிக்கொண்டேதான் இருந்தது. அதை நிறுத்தியதும் ஃபோல்டர் போய்விட்டது. விண்டோஸ் 7 வந்த 2009 முதல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஆனால் அத்தனை கதவு தாண்டி ஒளித்து வைத்த ஒன்றை எழுபது வயதுக்காரர் எப்படித் தேடிப் போவார்?

லினக்ஸில் இந்தச் சண்டை இவ்வளவு இல்லை. திறந்திருக்கும் கோப்பை அழித்தாலும் பெயர் உடனே போய்விடும். வைத்திருக்கும் புரோகிராம் அதை மூடும்வரை டிஸ்க்கில் இடம் மட்டும் திரும்பக் கிடைக்காது. விண்டோஸின் மறுப்பு மைக்ரோசாஃப்ட் தேர்ந்தெடுத்துக்கொண்ட ஏற்பாடு. தப்பான ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன், அது பல பேருடைய கணக்கைக் காப்பாற்றியிருக்கிறது. காந்தி மார்க்கெட் மண்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பில் போடும் கணக்குப் புரோகிராம் திறந்தே இருக்கும், அதே கம்ப்யூட்டரில் ஒருவர் இடம் போதவில்லை என்று பழைய ஃபோல்டர்களைக் கழித்துக்கொண்டிருப்பார். கணக்கு ஃபோல்டர் அழியாமல் நிற்பது அந்தப் புரோகிராம் அதைத் திறந்து வைத்திருப்பதால். அந்த நேரத்தில் இணையத்தில் கிடைக்கும் ‘அன்லாக்கர்’ ஒன்றை இறக்கி வலுக்கட்டாயமாகப் பிடியை விடுவித்தால் என்ன ஆகும்? கணக்குப் புரோகிராமுக்கு விஷயம் தெரியாது. கோப்பைத் திறந்தபோது விண்டோஸ் கொடுத்த எண் இன்னும் அதைத்தான் குறிக்கிறது என்று நம்பும். அதே எண் இதற்குள் வேறு கோப்புக்குப் போயிருந்தால் பில் விவரத்தைக் கொண்டுபோய் அதன் தலையில் எழுதிவிடும். இந்த மாதிரி இலவசக் கருவிகள் பலவற்றோடு வேண்டாத விளம்பரப் புரோகிராம்களும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. பிடித்திருக்கும் புரோகிராமை முறையாக மூடுங்கள். தெரியாவிட்டால் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். முக்கால்வாசி வழக்கு அதிலேயே தீர்ந்துவிடும்.

சில ஃபோல்டர்கள் காவலுக்காகவே அழியாமல் செய்யப்பட்டவை. ஜெராக்ஸ் கடைக்குக் கடை பென்டிரைவ் வழியாக வைரஸ் பரவிய காலத்தில், ‘ஆட்டோரன்’ என்ற கோப்புதான் அதற்கு வாகனம். 2008-ல் கிளம்பிய கான்ஃபிக்கர் வைரஸ் அப்படியும் பரவியது. அதைத் தடுக்க, அந்தக் கோப்பின் பெயரிலேயே ஒரு ஃபோல்டரை உருவாக்கி, அதற்குள் டாஸ் ஒதுக்கிய பெயர் ஒன்றை வைத்து, சாதாரணமாக அழிக்க முடியாதபடி செய்துவிடும் கருவிகள் இருந்தன. அதே பெயரில் வைரஸால் கோப்பு வைக்க முடியாது. 2011 பிப்ரவரியில் பழைய விண்டோஸ்களுக்கும் அப்டேட் வந்து, பென்டிரைவ் செருகியதும் தானாக ஓடுவது நின்றது. பழைய பென்டிரைவில் அப்படியொரு ஃபோல்டரைப் பார்த்துப் பயந்துபோய்க் கொண்டுவருகிறவர்கள் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. வேண்டியதை நகலெடுத்துக்கொண்டு பென்டிரைவை ஃபார்மட் செய்தால் அதுவும் போய்விடும்.

பழைய சிபியுவிலிருந்து கழற்றிய டிஸ்க்கைப் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டி ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று பார்ப்பவர்களும் நிறைய. டிஸ்க் உங்களுடையதுதான், ஃபோல்டரின் உரிமை மட்டும் பழைய விண்டோஸில் இருந்த உங்கள் கணக்கின் பெயரில் நிற்கிறது. செக்யூரிட்டி அமைப்பில் உரிமையாளரை மாற்றி, உங்கள் கணக்குக்கு அனுமதியும் கொடுத்தால் போதும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு வருகிற சிக்கல் ஒன்று இருக்கிறது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உத்திர வீதி மாமி ஒருவர் வந்து, “அழிச்சுட்டேன்ப்பா, மறுபடியும் அப்படியே நிக்கறதே!” என்றார். பார்த்தால் ‘ஸ்ரீரங்கம்’ என்று ஒரு ஃபோல்டர். ரீசைக்கிள் பின்னுக்குள் அதே பெயரில் இன்னொன்று. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் இருக்க முடியாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இரண்டு பெயரும் வேறு வேறு. யூனிகோடில் ‘ஸ்ரீ’யை முதலில் ‘ஸ’வை வைத்துத்தான் அடித்தோம். 2005-ல் வந்த 4.1 பதிப்பில் ‘ஶ’ சேர்ந்தபின் அதை வைத்தும் அடிக்க முடிகிறது. திரையில் இரண்டும் ஒரே உருவம், எத்தனை உற்றுப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. எந்த விசைப்பலகையில் அடித்தோம் என்பதைப் பொறுத்து உள்ளே எண் மாறிவிடும். ‘கொள்ளிடம்’ என்ற பெயரும் அப்படித்தான். ஒகரக் குறியை ஒன்றாக அடித்தால் 9 குறியீடு, கொம்பும் காலும் தனித்தனியாக அடித்தால் 10. விண்டோஸ் இவற்றை இரண்டு பெயர்களாகவே வைத்துக்கொள்கிறது. மாமி அழித்தது ஒரு ஃபோல்டர். திரும்பி வந்ததாக நினைத்தது கூடவே இருந்த மற்றொன்று. அதைத் திறந்து பார்த்தோம். சித்திரைத் தேர்ப் படங்கள் முழுக்க அதில்தான் இருந்தன. இன்னொரு முறை டெலீட்டைத் தட்டியிருந்தாலும் ரீசைக்கிள் பின்னிலிருந்து மீட்டிருக்கலாம். பென்டிரைவாக இருந்திருந்தால் அந்த வசதியும் கிடையாது.

இதையெல்லாம் தமிழில் விளக்க முடியாதா என்ன? ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா, பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே கம்ப்யூட்டரை வாரப் பத்திரிகை வாசகருக்குப் புரிகிற தமிழில் எழுதிக் காட்டினார். 2011 முதல் அரசின் இலவச லேப்டாப்புகள் வந்து, கம்ப்யூட்டரே இல்லாத எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்தன. வாசிக்க ஆள் இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது. விற்பவர்கள்தான் விளக்கத்தைப் பாக்கி வைத்திருக்கிறார்கள். பிடித்திருப்பது யார் என்று காட்டும் ‘ஃபைல் லாக்ஸ்மித்’ என்ற கருவியை 2022-ல் மைக்ரோசாஃப்டே செய்துவிட்டது. ஆனால் அது பவர்டாய்ஸ் என்ற தனித் தொகுப்பில், விவரம் தெரிந்தவர்கள் தேடிப்போய் இறக்கிக்கொள்ளும்படி கிடக்கிறது. அந்த வேலையை எல்லோருக்கும் வரும் செய்திப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ‘இந்த ஃபோல்டரை இன்ன புரோகிராம் திறந்து வைத்திருக்கிறது, மூடட்டுமா?’ என்று தமிழில் ஒரு வரி, கீழே ஆம், வேண்டாம் என்று இரண்டு பட்டன். அப்படி இருந்திருந்தால் பெரியவர் அன்றைக்கு லேப்டாப்பைச் சுமந்துகொண்டு என் கடைவரை வந்திருக்க வேண்டியதில்லை.