கடைமடையும் கணிப்பொறியும்

நீர் இருப்புள்ள ஆண்டுகளில் மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்படுவது வழக்கம். அந்நீர் கல்லணைக்கு வந்து, கல்லணைக் கால்வாய் வழியே பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக் கடைமடையை எட்டப் பல நாள்கள் செல்லும். வாய்க்காலில் நீர் ஓடியும் தம் வயல் காய்ந்து கிடந்தால், உழவர் மேட்டூருக்கு ஓடுவதில்லை. மண்வெட்டியுடன் போய்த் தம் வயலின் மடையை முதலில் பார்க்கிறார். இவ்வளவு அறிந்த நம் குடும்பங்கள், வீட்டுக் கணிப்பொறிக்கு இணையம் வராவிட்டால் மட்டும் உடனே பணப்பையைத் திறக்கின்றன.

அப்பகுதிக் குடும்பம் ஒன்றைச் சென்ற ஆடியில் காணச் சென்றிருந்தோம். மகள் பிளஸ் டூ முடித்துப் பொறியியல் கலந்தாய்வுக்குக் காத்திருந்தாள். 2018 முதல் அக்கலந்தாய்வு இணையவழியிலேயே நடைபெறுகிறது. கல்லூரி விருப்பப் பட்டியலைப் பதிவதற்குச் சில நாள்களே தருவார்கள். அவளிடம் இருந்தது, பள்ளியில் படித்தபோது அண்ணனுக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி. அது நான்கு நாள்களாக இணையத்தோடு சேர மறுத்தது. கடைக்காரர் ஒருவர் பெட்டியைத் திறந்தும் பாராமல், "மதர்போர்டு போய்விட்டது, நாலாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றாராம். தாயின் கம்மலை அடகு வைப்பது பற்றிய பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"உன் கைப்பேசியில் சிம் இணையத்தை நிறுத்திவிட்டு, வீட்டு வைஃபையில் போட்டுப் பாரம்மா" என்றோம். கைப்பேசியில் எல்லாம் திறந்தது. வாய்க்காலில் நீர் இருக்கிறது என்று பொருள். கைப்பேசியிலும் வராமல், இணைப்புப் பெட்டியில் 'லாஸ்' என்னும் சிவப்பு விளக்கு எரிந்திருந்தால், கண்ணாடியிழைக் கம்பியில் கோளாறு. இணைப்பு தருபவரைத்தான் அழைக்க வேண்டும். இந்த ஒரு சோதனைக்கு ஒரு நிமிடமும் ஆகாது. நான்கு நாள்களாக அதை யாரும் செய்யவில்லை!

ஆகவே குறை மடையில். கணிப்பொறியில் அந்த மடைக்கு 'நெட்வொர்க் அடாப்டர்' என்று பெயர். வைஃபை அலையை வாங்குவது இச்சிறு உறுப்பே. இதை இயக்கும் முறையைக் கணிப்பொறிக்குச் சொல்லித் தரும் மென்பொருள் 'டிரைவர்'. உறுப்பு நன்றாயிருந்தும் டிரைவர் கெட்டால் உறுப்பே இல்லாதது போலாகிவிடும். விமானக் குறியிட்ட விசையைக் குழந்தைகள் தெரியாமல் அழுத்திவிடுவதும் உண்டு. அதைப் பார்த்தோம்; அது காரணமன்று.

பிறகு, திரையின் கீழுள்ள விண்டோஸ் குறியின்மேல் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, 'டிவைஸ் மேனேஜர்' பட்டியலைத் திறந்தோம். அங்கே அடாப்டரின் பெயருக்கருகில் கீழ்நோக்கிய அம்பு இருந்தால் அது அணைத்து வைக்கப்பட்டுள்ளது. 'எனேபிள்' என்றால் போதும். நாம் கண்டது மஞ்சள் முக்கோணம். டிரைவரில் கோளாறு என்பதற்கு அடையாளம். 'அன்இன்ஸ்டால்' கொடுத்து, டிரைவரையும் அழிக்கவா என்று கேட்கும் கட்டத்தைத் தொடாமல், கணிப்பொறியை மீண்டும் தொடங்கினோம். பெரும்பாலும் இதிலேயே சரியாகும். இங்கே முக்கோணம் மறையவில்லை. தகப்பனார் முகம் வாடியது.

டிரைவரை இணையத்திலிருந்து இறக்க வேண்டும், இணையமோ இல்லை. இவ்விடத்தில்தான் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். கைப்பேசியை அதன் மின்னேற்று வயரால் மடிக்கணினியோடு இணைத்து, 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்கினோம். கைப்பேசியின் இணையம் வயர் வழியே வந்தது. விண்டோஸ் அப்டேட் தேவையான டிரைவரைத் தானே தேடி இறக்கிற்று. மறுமுறை தொடங்கியதும் முக்கோணம் போய், வைஃபை பெயர்கள் வரிசையாய்த் தோன்றின. அன்றிரவே அப்பெண் தன் பட்டியலைப் பதிந்துவிட்டாள். கம்மல் தாயின் காதிலேயே இருக்கிறது.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பாராமலே தீர்ப்புச் சொன்னது பொறுப்பன்று.

வேறொரு குறையும் அடிக்கடி வரும். வைஃபையில் சேர்ந்ததாகக் காட்டும், எப்பக்கமும் திறவாது. 'ஐபிகான்ஃபிக்' என்ற கட்டளையை இட்டுப் பாருங்கள். முகவரி 169.254 எனத் தொடங்கினால், இணைப்புப் பெட்டியிடமிருந்து கணிப்பொறி முகவரி பெறவில்லை. பெட்டியை அணைத்து, சற்றுப் பொறுத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். 'நெட்வொர்க் ரீசெட்' என்பதைக் கடைசியாகவே தொடுங்கள். சேமித்த வைஃபை கடவுச்சொற்களை அது அழித்துவிடும். முன்னரே எழுதி வையுங்கள்.

அடாப்டர் உண்மையிலேயே பழுதாவதும் உண்டு. அப்போதும் யூஎஸ்பி துளையில் செருகும் சிறு அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நம் பக்கத்தில் இதற்குப் பெரும் பகை ஐப்பசி, கார்த்திகை இடியே. மின்சாரக் கம்பி வழியாக மட்டுமன்றி, பெட்டியிலிருந்து கணிப்பொறிக்கு வரும் இணைப்பு வயர் வழியாகவும் மின்னலின் தாக்கம் உள்ளே வரும். பலர் மின்செருகியை மட்டும் எடுத்துவிட்டு அவ்வயரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வானம் கறுத்தவுடன், முதல் இடி கேட்பதற்கு முன்பே, இரண்டையும் கழற்றிவிடுங்கள்.