தேதியை மாற்றாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. டெஸ்க்டாப்பில் உள்ள காலண்டர் ஐகான் தவறான தேதியைக் காட்டுகிறது, என்ன செய்வது? பலர் அதைக் கண்டு கொள்வதே இல்லை. மற்றவர்கள் கடிகாரத்தைத் திறந்து தேதியைக் கையால் மாற்றிவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். மறுநாள் மீண்டும் அதே கதை. என் கருத்தில் இரண்டுமே தவறு. தேதி தப்பியது ஒரு அறிகுறிதான். நோய் வேறு இடத்தில் இருக்கிறது.

விருதுநகர் மாவட்டத்து வாசகர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டுவிடுகிறார்கள். ஆண்டு பிறக்க ஐந்து மாதம் இருக்கும்போதே தேதியைத் தயார் செய்துவிடும் ஊர் அது. அங்கே மேசை மேல் இருக்கும் கம்ப்யூட்டர் மட்டும் தப்பான தேதியைக் காட்டலாமா?

முதலில் ஐகானைச் சந்தேகப்படுங்கள்

தினசரி காலண்டரில் தாளைக் கிழிக்காவிட்டால் நேற்றைய தேதிதான் தெரியும். அதற்காகக் காலண்டர் தப்பாக அச்சானது என்று சொல்வோமா? ஐகானும் அப்படித்தான். பல ஐகான்கள் வெறும் படங்கள். ஆப்பிள் நிறுவனம் 2002ல் அறிவித்த ஐகால் புரோகிராமை அந்தக் காலத்தில் திறக்காமல் வைத்திருந்தால், அதன் ஐகான் எந்நாளும் ஜூலை 17 என்றே காட்டும். அந்தப் புரோகிராம் அறிவிக்கப்பட்ட நாள் அது. 2007ல் வந்த லெப்பர்டு பதிப்பில்தான் ஐகான் தானாகவே அன்றைய தேதியைக் காட்டத் தொடங்கியது. ஆப்பிளின் காலண்டர் எமோஜியிலும் அதே ஜூலை 17 இருப்பதால், 2014 முதல் அந்த நாளை உலக எமோஜி தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

எனவே ஐகானைப் பார்த்துப் பதற வேண்டாம். டாஸ்க் பாரின் வலது மூலையில் உள்ள கடிகாரத்தைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் ஐகான் மட்டும்தான் புதுப்பிக்கப்படவில்லை. கம்ப்யூட்டரை ஸ்லீப்பில் போடாமல் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தாலே போதும். பெரும்பாலும் சரியாகிவிடும்.

மதியத்துக்குப் பின் சரியாகிவிடுகிறதா?

காலையில் நேற்றைய தேதி. பிற்பகலில் இன்றைய தேதி. இப்படி நடந்தால் உங்கள் கம்ப்யூட்டர் அமெரிக்காவில் வாழ்கிறது என்று பொருள். விண்டோஸ் பதியும்போது டைம் ஸோனைக் கவனிக்காமல் பசிபிக் டைம் என்று விட்டுவிட்டார்கள். அந்த நேரம் நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. நமக்குப் பகல் 1.30 ஆகும்போதுதான் அங்கே தேதி மாறும். அவர்களின் கோடைக் காலத்தில் 12.30க்கு மாறும்.

இதைத் தெரியாமல் தேதியைக் கையால் மாற்றினால், இணையத்தில் நேரத்தைச் சரிபார்த்தவுடன் கம்ப்யூட்டர் பழையபடி திரும்பிவிடும். கடிகாரத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, 'அட்ஜஸ்ட் டேட் அண்ட் டைம்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். டைம் ஸோன் பட்டியலில் சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூடெல்லி என்றிருக்கும் +05:30 வரியைத் தேர்ந்தெடுக்கவும். 'செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி' ஆன் ஆகியிருக்கட்டும். பிறகு 'சிங்க் நவ்' பட்டனை அழுத்தவும்.

ஒவ்வொரு நாளும் பழைய ஆண்டுக்குப் போகிறதா?

அப்படியானால் மதர்போர்டில் உள்ள சிறிய பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலான டெஸ்க்டாப்களில் சிஆர் 2032 என்ற, நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி இருக்கும். பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை கடிகாரம் அதிலேயே ஓடும். சுவிட்சை அணைத்துவிட்டால் பேட்டரியை நம்பித்தான் ஓட வேண்டும். பிளக்கைக் கழற்றி, கேபினட்டைத் திறந்து, கூட்டல் குறி மேலே தெரியும்படி புதிய பேட்டரியைப் பொருத்தவும். பிறகு தேதியை ஒருமுறை சரி செய்யவும். லேப்டாப் என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள். இதற்காக யாராவது, "ஃபார்மட் பண்ணணும்" என்று சொன்னால் ஒப்புக் கொள்ளாதீர்கள். ஃபார்மட் செய்வதால் பேட்டரிக்கு உயிர் வராது.

தேதி சரி, வரிசை தப்பு

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஏனென்றால் ஐகானும் கடிகாரமும் சரியாகவே தெரியும். ரீஜியன் அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் முதலில் மாதம், பிறகு நாள். பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் பகுதிக்கு இது பெரிய விஷயம். தீபாவளி 2023ல் நவம்பர் 12, 2025ல் அக்டோபர் 20. ஆக, சீசன் முழுவதும் 10, 11 என்ற எண்கள்தான். 10/11 என்று எக்செல்லில் டைப் செய்கிறீர்கள். நீங்கள் நினைப்பது நவம்பர் 10. கம்ப்யூட்டர் பதிவது அக்டோபர் 11. சரக்கு அனுப்ப வேண்டிய நாள் ஒரு மாதம் முன்னதாகப் பதிவாகிவிடுகிறது. 20/10 என்று அடித்தாலோ அதைத் தேதியாகவே ஏற்காது. செல்லின் இடது ஓரத்தில் எழுத்தாக ஒட்டிக் கொண்டிருக்கும். தேதிவாரியாக வரிசைப்படுத்தும்போது அந்த ஆர்டர் அதற்குரிய இடத்தில் வராது.

செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லேங்குவேஜ்' பிரிவுக்குச் சென்று, ரீஜினல் ஃபார்மட்டை இங்கிலீஷ், இந்தியா என மாற்றவும். ஏற்கெனவே தவறாகப் பதிந்த தேதிகள் இதனால் திருந்தாது. அவற்றை நீங்களேதான் பார்த்துத் திருத்த வேண்டும்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாதுகாப்பான இணைய தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் பழைய ஆண்டில் நின்றுவிட்டால் பிரவுசர் அந்தச் சான்றிதழை ஏற்காது. வங்கித் தளமும் திறக்காது, தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தளமும் திறக்காது. கடைசி நாளன்று இணைய இணைப்பைக் குறை சொல்லிக் கொண்டு உட்கார்ந்திருப்பதில் பயனில்லை.

எனவே புதிய கம்ப்யூட்டர் வாங்கும்போது பணம் கொடுப்பதற்கு முன் மூன்றைக் கேளுங்கள். டைம் ஸோன் இந்தியாவா? தேதி வரிசை நாள், மாதம், ஆண்டா? மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து ஆன் செய்தால் தேதி நிற்கிறதா? இதைச் சோதித்துக் காட்டுவது விற்பவரின் கடமை. கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.